ஏப்ரலில் நமக்கும் டவுனில் வேலையிருக்கிறது

சித்திரை பிறக்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. நுவரெலியா வசந்த காலத்துக்குத் தயாராகிவிட்டது. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கார் ஓட்டப் போட்டி என்று கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வாகனங்கள் மலையேறப் போகின்றன. வழக்கம்போல விசேட போக்குவரத்துத் திட்டமும் வரும். சில வீதிகள் ஒருவழியாகும், சில இடங்கள் வாகனத் தரிப்பிடமாகும். வருகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இராகலை பஸ்ஸில் வந்து இறங்கும் தோட்டத்துப் பெண் எங்கே இறங்குவாள், எங்கே திரும்ப ஏறுவாள் என்பது மட்டும் அதில் தெளிவாக இருந்ததில்லை.

உல்லாசப் பிரயாணிகளுக்கு நாம் எதிரிகளல்ல. நமது பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று ஹோட்டல்களில் வேலை செய்கிறார்கள், முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள், வாவிக்கரையில் சோளம் அவித்து விற்கிறார்கள், குதிரை பிடிக்கிறார்கள். கொழுந்துக் காசு போதாமல் லயத்துக்குப் பின்னால் போட்ட கரட்டும் லீக்ஸும் அந்த ஹோட்டல் அடுப்புகளுக்குத்தான் போகின்றன. சீசன் நன்றாக இருந்தால் நமது வீடுகளிலும் அடுப்பு நன்றாக எரியும். ஆகவே வாகனங்களே வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் ஏப்ரல் நமக்கும் சீசன்தான். புத்தாண்டு முற்பணம் கையில் கிடைப்பது அந்த வாரத்தில். பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க, அடகு வைத்த தோட்டை மீட்க, மாவும் சீனியும் தேங்காயும் வாங்க, வருடத்தில் ஒரு தரமாவது குடும்பத்தோடு டவுனுக்கு வருவது அந்த நாட்களில்தான். கிளினிக் திகதியும் சீசன் பார்த்து வருவதில்லை. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து எடுக்கிறவர்கள், மாசமான பெண்கள், பல்லு வலிக்காரர் எல்லோரும் மாவட்ட வைத்தியசாலைக்குத்தான் வர வேண்டும்.

கடந்த சீசன்களில் நமது தோட்டக் கமிட்டிகள் சொன்ன முறைப்பாடுகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. பஸ் டவுனுக்குள் வராமல் தூரத்திலேயே ஆட்களை இறக்கிவிடுகிறது. மீதியை நடக்க வேண்டும். நடைபாதையில் ஏறினால் அங்கே வேன் நிற்கிறது. வீதியில் இறங்கினால் பின்னாலிருந்து ஹோர்ன் அடிக்கிறார்கள். வைத்தியசாலைப் பாதையில் இருபக்கமும் கார்கள் நிற்பதால், நோயாளியை ஏற்றி வந்த முச்சக்கர வண்டி நகர முடியாமல் நிற்கிறது. மருந்தெடுத்து முடித்து வந்தால், திரும்பும் பஸ் எந்த மூலையிலிருந்து புறப்படுகிறது என்று கேட்டுக் கேட்டு அலைய வேண்டும். காலையில் கொழுந்தெடுத்துவிட்டுப் பகலில் டவுனுக்குப் போய் வரலாம் என்று அரைப் பேராவது போட நினைத்தவர்களுக்கு அதுவும் போய்விடுகிறது. நாட்சம்பளத்தில் ஒரு பேர் போனால் வீட்டில் என்ன குறையும் என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

இந்த நெரிசலுக்கு ஒரு காரணம் ஊரின் அமைப்பு. கண்டியிலிருந்து றம்பொடை, லபுக்கலை வழியாக வரும் வீதி, ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக வரும் வீதி, பதுளையிலிருந்து வெலிமடை, ஹக்கலை வழியாக வரும் வீதி, கந்தப்பளை இராகலைப் பக்கத்து வீதி எல்லாம் அந்தச் சிறிய டவுனில் வந்துதான் முட்டுகின்றன. வெள்ளைக்காரன் குளிர் காய அமைத்த ஊர் அது. குதிரை வண்டிக்குக் கணக்குப் பார்த்துப் போட்ட தெருவில் இன்று சொகுசு பஸ்கள் திரும்பப் பார்க்கின்றன. முன்னொரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை ஒரு சிறிய ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகளுக்காகப் போட்ட பாதை. 1940களில் அதை மூடித் தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். அது இன்றிருந்தால் இந்த ஆசிரியத் தலையங்கத்தில் பாதியை எழுத வேண்டியிருந்திருக்காது.

நெரிசல் வெறும் தாமதத்தோடு முடிகிற விடயமுமல்ல. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்குவீதியில் நடந்ததை மலையகம் மறக்கவில்லை. நுவரெலியாவுக்குச் சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ், வேனொன்றுடனும் முச்சக்கர வண்டியொன்றுடனும் மோதியதில் 7 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் வேனிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்தவர்கள். மலைச் சாரதிகளுக்கு இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது, கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும் என்பது பழக்கத்தில் வந்த அறிவு. தாழ்நிலத்திலிருந்து இரவோடிரவாக ஓட்டி வரும் சாரதிக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? பெரிய பஸ்களை டவுனுக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்று நாம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடல் கடந்து ஓர் உதாரணத்தையும் பார்க்கலாம். 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் அனுப்பப்பட்ட நமது உறவுகளில் பெருந்தொகையானோர் நீலகிரி மலையில் குடியேறி அங்கும் கொழுந்துதான் எடுத்தார்கள். அந்த மலையிலுள்ள ஊட்டியும் நுவரெலியாவைப் போலத்தான், வெயில் காலத்தில் கார்களால் மூச்சுத் திணறுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் முன்கூட்டியே இ-பாஸ் எடுத்துத்தான் மலையேற வேண்டும் என்றானது. 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து எண்ணிக்கைக்கும் எல்லை வைத்தார்கள். வார நாட்களில் 6000 வாகனங்கள், வார இறுதியில் 8000. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உள்ளூர் வாகனங்களுக்கும் அரச பஸ்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. பஸ்ஸில் வருகிறவன் எத்தனை பேராயினும் வரலாம், காரில் வருகிறவனுக்குத்தான் கணக்கு என்றிருந்தது. அங்குள்ள வியாபாரிகள் இதை எதிர்த்தார்கள் என்பதும் உண்மை. ஆட்கள் குறைந்தால் முதலில் அடிபடுவது சிறு கடைக்காரனும் கூலி வேலைக்காரனும்தான். ஆகவே அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லி நாம் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு முதலிடம் என்ற அந்த ஒரு முறையை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம்.

நெரிசல் நாட்களில் கடைத்தெருவைக் கார்களுக்கு மூடிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நமக்கு அதில் மனத்தடை இல்லை. நடந்து போகிறவர்கள் நாம்தான். கண்டியில் தலதா மாளிகைக்கு முன்னாலுள்ள வீதி 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு பாதுகாப்புக்காக வாகனங்களுக்கு மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் தாய்மார் பிள்ளைகளைக் கையைப் பிடிக்காமலே நடக்க விடுகிறார்கள். ஆனால் தெருவை மூடுவது என்றால் காருக்கு மூட வேண்டும். பஸ்ஸையும் சேர்த்துத் துரத்திவிட்டு, நடைபாதையில் சாமான் விற்கும் நமது பையன்களையும் கிளப்பிவிட்டு, பூச்சட்டி வைத்துப் படம் பிடிக்கிற தெருவாக மாற்றுவதானால் நமக்கு அது வேண்டாம்.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. கண்டி, ஹட்டன், பதுளை வீதிகளில் டவுனுக்கு வெளியே வாகனத் தரிப்பிடங்களை ஒதுக்கி, அங்கிருந்து டவுனுக்கு பஸ் ஓட்ட வேண்டும். தரிப்பிடக் கட்டணத்திலேயே அந்த பஸ்ஸின் செலவைப் பார்த்துக்கொள்ளலாம். நமது பிள்ளைகளுக்கும் அதில் சில வேலைகள் கிடைக்கும். வைத்தியசாலைப் பாதையில் சீசன் முடியும் வரை எந்த வாகனமும் தரிக்க இடமளிக்கக் கூடாது. தோட்டங்களுக்குப் போகும் பஸ்களின் தரிப்பிடத்தை மாற்றாதிருப்பதே நல்லது. மாற்றியே ஆக வேண்டுமானால் ஒரு வாரத்துக்கு முன்பே தோட்டங்களுக்கு அறிவித்து, தமிழிலும் பலகை வைக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. மலையகத்தின் நடுவில் நின்றுகொண்டு இதை இன்னும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. முச்சக்கர வண்டிச் சாரதிகளையும் அழைத்துப் பேசாமல் அவர்களுடைய இடத்தை மாற்றுவது சரியல்ல. எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு நெரிசல் தொடங்கும் என்று எந்த அதிகாரியையும்விட அவர்களுக்குத் தெரியும்.

இவற்றை யாரிடம் கேட்பது என்பதில்தான் சிக்கல். 2023 மார்ச் மாதத்திலிருந்து 2025 வரை உள்ளூராட்சி சபைகளில் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் இருக்கவில்லை. சீசன்கள் அப்படியே போய்விட்டன. 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. ஆனால் சுற்றியுள்ள தோட்டங்களில் இருப்பவர்களில் மிகப் பலருக்கு வாக்கு பிரதேச சபையில். டவுனை நிர்வகிப்பதோ மாநகர சபை. தெருவில் நடப்பது நாம், தெருவைத் தீர்மானிப்பது வேறு ஆட்கள். பிரதேச சபைகளிலும் நமக்குக் கிடைத்த கவனிப்பு தெரிந்ததே. 1987ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட இடம் தரவில்லை. அதைத் திருத்துவதற்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே இரண்டு சபைகளும் சேர்ந்து உட்காரும் ஒரு போக்குவரத்துக் குழு வேண்டும் என்றும், அதில் தோட்டத்துப் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும் என்றும் கேட்கிறோம். எந்தக் கட்சிக்காரர் லயத்துக்கு வாக்குக் கேட்டு வந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள். நமது சங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவரிடமும் கேளுங்கள்.

வெறும் வாயால் கேட்டால் போதாது, கையில் கணக்கு வேண்டும். இந்த ஏப்ரலில் நுவரெலியா டவுனுக்குப் போய் வரும் ஒவ்வொருவரும், எத்தனை மணிக்குத் தோட்டத்தில் பஸ் ஏறினீர்கள், எந்த இடத்தில் இறக்கிவிட்டார்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், திரும்ப எத்தனை மணிக்கு வீடு வந்தீர்கள் என்பதைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ சொல்லுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் அதை ஒரு கொப்பியில் எழுதட்டும். தலைவர்மார் அந்தக் கொப்பிகளை ஏப்ரல் முடிவதற்குள் மாவட்டக் காரியாலயத்தில் சேர்த்துவிட வேண்டும். சபை உறுப்பினர்களைச் சந்திக்கும்போது அவற்றையும் எடுத்துக்கொண்டுதான் போகிறோம்.