கிளைமொழி என்று தீர்ப்பளிப்பவர் யார்?

‘லக்சம்பர்க்குக்கெனத் தனி மொழி கிடையாது, அங்கே வழங்குவது ஜெர்மனின் கிளைமொழிதான்’ என்னும் கூற்று, மொழி பற்றிய விவாதங்களில் கற்றோர் வாயிலிருந்தும் எளிதாக வந்து விழுகிறது. மொழியியல் உண்மைபோல் ஒலிக்கும் இக்கூற்றுக்குப் பின்னால் ஓர் அரசியல் வரலாறு இருக்கிறது. அதனை அறிந்தவர் எவரும் இவ்வளவு எளிதாக இதனைச் சொல்லத் துணியார்.

லக்சம்பர்க் 2,586 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு. பெல்ஜியமும் பிரான்சும் ஜெர்மனியும் அதனைச் சூழ்ந்திருக்கின்றன, கடற்கரை இல்லை. வடக்கே ஆர்டென் மேட்டுநிலக் காடுகள். தெற்கே இரும்புத்தாது கிடைத்த செந்நிலம். கிழக்கே திராட்சைத் தோட்டங்களை ஒட்டி ஓடும் மோசெல் ஆறு. அந்த ஆறு ஜெர்மனியுடனான எல்லையும் ஆகும். இரு கரைகளிலும் வழங்கும் பேச்சு, மோசெல் பிராங்கோனியம் என்னும் ஒரே வகையைச் சார்ந்தது. ஜெர்மானியக் கரையில் அது கிளைமொழி. இக்கரையிலோ 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய மொழி. ஒலியும் இலக்கணமும் மட்டுமே தகுதியை முடிவு செய்யுமாயின், ஆற்றைக் கடந்ததும் அத்தகுதி மாறுவது எப்படி?

விடை 1941இல் இருக்கிறது. 1940 மே மாதம் நாட்டைக் கைப்பற்றிய நாஜிகள், பிரெஞ்சு மொழியைத் தடை செய்தனர். பிரெஞ்சுப் பெயர்களை ஜெர்மன் பெயர்களாக மாற்றினர். 1941 அக்டோபர் 10ஆம் நாளுக்கு ஒரு கணக்கெடுப்பை அறிவித்தனர். குடியுரிமை, தாய்மொழி, இனம் ஆகியவை அதில் கேட்கப்பட்டன. லக்சம்பர்கியம் ஒரு கிளைமொழி, ஆதலால் தாய்மொழியாகக் குறிக்கத்தக்கதன்று என்பது படிவத்துடன் வந்த அறிவுறுத்தல். ‘மூன்று கேள்விக்கும் லக்சம்பர்கியம் என்றே எழுதுங்கள்’ என்று எதிர்ப்பியக்கத்தினர் மறைவாகத் துண்டறிக்கை பரப்பினர். முன்கூட்டிப் பார்த்த படிவங்களில் மக்கள் அவ்வாறே எழுதியிருந்தனர். கணக்கெடுப்பு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு, கட்டாய இராணுவச் சேர்ப்பை எதிர்த்து நாடு வேலைநிறுத்தம் செய்தபோது 21 பேர் கொல்லப்பட்டனர். நாம் மொழியியல் வகைப்பாடு என்று எண்ணிச் சொல்வதை ஆக்கிரமிப்பாளர் அன்று ஆணையாகவே பிறப்பித்தனர்.

‘சட்டங்கள் பிரெஞ்சில் இயற்றப்படுகின்றன, பள்ளிகளில் எழுத்தறிவு பெரும்பாலும் ஜெர்மனில் தொடங்குகிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளுள் லக்சம்பர்கியம் இல்லை. இது எப்படி முழுமையான மொழியாகும்?’ என்று வினவுவோர் உளர். இவ்வினா, ஒரு மொழி எங்கெங்கு பயன்படுகிறது என்பதையும் அது மொழியா என்பதையும் ஒன்றாக்கிக் குழப்புகிறது. அலுவலகத்தில் இடம் பெறாமையே மொழியன்மைக்குச் சான்றாகுமெனில், உலகின் பெரும்பாலான மொழிகளை இன்றே அழித்தெழுத வேண்டியிருக்கும். 1872இலேயே மிஷெல் ரோடாங்கே இம்மொழியில் ஓர் அங்கதக் காவியம் படைத்தார். 2023இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட அரசியலமைப்பு, லக்சம்பர்க்கின் மொழி லக்சம்பர்கியம் என்று கூறுகிறது.

இது தொலைதூர நாட்டுச் சிக்கல் அன்று. 2011ஆம் ஆண்டு இந்தியக் கணக்கெடுப்பில் போஜ்புரியைத் தாய்மொழியெனக் கூறிய 5 கோடிக்கும் மேற்பட்டோர் ‘இந்தி’ என்னும் தலைப்பின்கீழ் எண்ணப்பட்டனர். 1991இல் அத்தலைப்பின்கீழ் இருந்த மைதிலி, 2003ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றுத் தனிமொழியாக நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் மைதிலியின் இலக்கணம் மாறவில்லை, பட்டியல்தான் மாறியது. இங்குள்ள கணக்கெடுப்பாளரை நாஜிகளோடு நான் ஒப்பிடவில்லை. ஆனால் பேசுவோர் ஒரு பெயர் சொல்ல, எழுதுவோர் வேறொரு தலைப்பில் அதனை அடக்குவது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை லக்சம்பர்க்கைக் கண்டேனும் நாம் உணர வேண்டும்.

ஆய்வாளர்களாகிய நாம் மொழிகளுக்கிடையே உள்ள உறவை அளக்கலாம். ஒற்றுமை வேற்றுமைகளைப் பட்டியலிடலாம். அது நம் பணி. தம் தாய்மொழி இன்னது என்று ஒரு மக்கள் கூட்டம் சொல்லும்போது, அதனைத் திருத்தி எழுதும் உரிமை மட்டும் நமக்கு இல்லை. உயிருக்கு அஞ்சிய நாளிலும் ஒரு சிறு நாட்டு மக்கள் தம் மொழியின் பெயரைப் படிவத்தில் எழுதினர். எவ்வச்சமும் இன்றி எழுதும் நாம், அப்பெயரை அப்படியே எழுதுவதில் என்ன தடை?