பிஞ்சு இதயமும் பெற்றோர் நம்பிக்கையும்

துன்புற்றார்க்கு ஆறுதல் கூறுதல் அறம். ஆனால், ஆறுதல் என்னும் பெயரால் குற்றம் சாட்டுதல் அறமாகுமா? இதயக் கோளாற்றுடன் பிறந்த குழந்தையை வளர்க்கும் கிறித்துவப் பெற்றோர் நோயின் சுமையோடு பிறர் சொல்லின் சுமையையும் சுமக்க நேர்கிறது. "பெற்றவர்கள் செய்த பாவம் பிள்ளையைத் தொடர்கிறது" என்பார் ஒருவர். "விசுவாசம் இருந்தால் கத்தி எதற்கு? ஜெபமே போதும்" என்பார் மற்றொருவர். இவ்விரு கூற்றுகளும் மருத்துவத்திற்கு மாறானவை. அதனினும் மேலாக, கிறித்துவத்திற்கே மாறானவை. அத்தகைய குழந்தை ஒன்றின் தந்தை என்ற உரிமையோடு இதனை எழுதுகிறேன்.

முதற்கூற்றை முதலில் ஆராய்வோம். உயிருடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று இதய அமைப்பில் ஏதேனும் ஒரு குறையுடன் பிறக்கிறது. கருவில் இதயம் உருப்பெறும் காலம் ஏறக்குறைய 3ஆம் வாரம் முதல் 8ஆம் வாரம் வரை. தான் கருவுற்றிருப்பதையே தாய் அறியாதிருக்கக்கூடிய காலம் அது. நேரான குழாயாகத் தோன்றி, வளைந்து, இடையே சுவர்கள் எழுந்து, நான்கு அறைகளாகப் பிரியும் அந்த நுண்பணியில் ஒரு சுவர் முழுமையாக மூடாவிடில் துளை உண்டாகிறது. ஒரு வழி குறுகினால் அடைப்பு உண்டாகிறது. தாய்க்குக் கண்ட ருபெல்லா அம்மை, கட்டுப்படாத நீரிழிவு, மரபணு மாற்றம் ஆகியன காரணங்களாக அமைவதுண்டு. பெரும்பாலான குழந்தைகளிலோ இன்னது காரணம் என்று மருத்துவரால் சுட்டிக்காட்ட இயலுவதில்லை. கற்ற மருத்துவர் "அறியோம்" என்று அடங்கும் இடத்தில், கல்லாதார் "நாம் அறிவோம்" என்று வாய் திறப்பது என்ன துணிவு!

வேதம் யாது கூறுகிறது? பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என வினவியதாக யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் உரைக்கிறது. இவனும் அல்லன், பெற்றோரும் அல்லர் என்பதே இயேசு அளித்த விடை. தந்தையின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்பது எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தின் சாரம். துன்பத்திற்குப் பாவமே காரணம் என்று யோபுவிடம் ஓயாது வாதித்த நண்பர்களே இறுதியில் கடவுளின் சினத்திற்கு ஆளாயினர். "தாவீதின் குழந்தை இறக்கவில்லையா?" என்று சிலர் மறுத்துரைப்பர். அது ஒரு கொலைக்குற்றத்தின் பொருட்டு, ஓர் அரசனிடம், தீர்க்கதரிசி நாத்தான் நேர்நின்று உரைத்த தீர்ப்பு. அதனை நோயுற்ற குழந்தைகள் அனைவர்க்கும் பொதுவிதியாக்க நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

உண்மை வேறு. ஊழ்வினை என்னும் கருத்து சிலப்பதிகாரக் காலந்தொட்டுத் தமிழர் சிந்தையில் ஊறியது. அதனைத் தம் சமயக் கொள்கையாக ஏற்போரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால், அக்கொள்கையை விட்டோம் என்று ஞானஸ்நானம் பெற்றவர்கள், ‘முன்வினை’ என்பதை அழித்துப் ‘பாவம்’ என்று எழுதிக்கொண்டு, அதனை நற்செய்தி என்று வழங்குவது நேர்மையன்று.

இனி இரண்டாம் கூற்று. இது முன்னதினும் கொடியது. ஏனெனில் இது உயிரையே பறிக்க வல்லது. இதயத்தின் கீழறைகளுக்கு இடையே பெருந்துளை இருப்பின், மிகுதியான இரத்தம் மிகுந்த அழுத்தத்துடன் நுரையீரலுக்குள் பாயும். உரிய காலத்தில் துளையை மூடினால் குழந்தை பிழைக்கும். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால் நுரையீரலின் இரத்தக்குழாய்கள் தடித்து இறுகிவிடும். அந்நிலை முற்றிய பின்னர் துளையை மூடுவதே ஆபத்தாகிவிடும். "இன்னும் சிறிது காலம் ஜெபித்துப் பார்ப்போம்" என்னும் அறிவுரை குழந்தையின் வாய்ப்பை நாள்தோறும் அரித்துத் தின்னும் என்பதை அறிவுரை கூறுவோர் எண்ணிப் பார்த்தனரா?

மருத்துவம் நம்பிக்கைக்குப் பகையன்று. நற்செய்தி எழுதிய லூக்காவை மருத்துவர் என்றே அன்புடன் குறிக்கிறது கொலோசெயர் நிருபம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே படுக்கையுடன் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணி, கிறித்துவ நம்பிக்கையில் பிறந்ததன்றோ? அதே வேலூரில் 1949இல் டாக்டர் ரீவ் பெட்ஸ் நெஞ்சு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். கத்தி அவநம்பிக்கையின் அடையாளமாயின், அந்த ஊழியர்கள் அனைவரும் அவிசுவாசிகளா?

1944 நவம்பர் 29ஆம் நாள், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், உடல் நீலம் பாரித்த ஒரு குழந்தைக்கு ஆல்பிரட் பிளேலாக் அறுவை செய்தார். நுரையீரலுக்கு இரத்தம் செல்ல மாற்றுவழி காணலாம் என்று எண்ணியவர் ஹெலன் டௌசிக் அம்மையார். அம்முறையை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பின உதவியாளர். அக்குழந்தை அடுத்த ஆண்டே இறந்தது. ஆயினும், அன்று திறந்த வழியில் ஆயிரமாயிரம் குழந்தைகள் உயிர் பெற்றனர். நம் நாட்டிலும் 1992இல் தோன்றிய தேசிய இருதயக் கழகத்தில் குழந்தைகளுக்கு இவ்வறுவைகள் நடைபெறுகின்றன. அதன் கூடத்தில் காத்திருக்கும் பெற்றோர் ஜெபிக்காதவர்கள் என்று எண்ணுவார் ஒருநாளேனும் அங்கு அமர்ந்து பார்த்தல் வேண்டும்.

"அப்படியாயின் ஜெபத்தால் பயன் என்ன?" என்று வினவலாம். ஜெபம் வாணிகமன்று, இத்துணை விசுவாசம் செலுத்தினால் இத்துணை நலம் கிட்டும் என்று கணக்கிடுவதற்கு. துன்பக் கிண்ணம் நீங்க வேண்டுமென்று கெத்செமனே தோட்டத்தில் இயேசு மன்றாடினார். அது நீங்கவில்லை. அவருடைய விசுவாசத்திலும் குறை காண்பரோ? தம் உடலின் முள் நீங்க மும்முறை வேண்டிய பவுலுக்கும் அது நீக்கப்படவில்லை. தாங்கும் அருளே கிடைத்தது. அறுவைக்கூடத்தின் கதவு மூடப்படும்பொழுது பெற்றோர் வேண்டுவது அந்த அருளையே. முடிவு எதுவாயினும் தம் குழந்தை கைவிடப்பட்டதன்று என்னும் உறுதியே அவர்தம் நம்பிக்கை.

சாட்சி கூறும் கூட்டங்களை நடத்துவோர்க்கும் ஒரு சொல். குழந்தை பிழைத்ததற்கு நன்றி கூறுவது முறையே. ஆனால், "எங்கள் விசுவாசமே காப்பாற்றியது" என்று ஒருவர் முழங்கும்பொழுது, கடைசி வரிசையில் குழந்தையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அமர்ந்திருக்கக்கூடும். அம்முழக்கம் அவள் செவியில் என்னவாய் ஒலிக்கும்?

தமிழாசிரியப் பெருமக்களே! இப்பொருள் ஆலயத்தோடு நிற்பதன்று. உங்கள் வகுப்பறைக்கும் வருகிறது. ‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்று கட்டுரைத் தலைப்புத் தருகிறோம். தீய பழக்கத்தாலும் சோம்பலாலும் நோய் வருகிறது என்று கருத்துகளையும் கரும்பலகையில் எழுதுகிறோம். சட்டைக்குள் அறுவைத் தழும்புடன் அமர்ந்திருக்கும் மாணவன் அதனைப் பார்த்தெழுதுகிறான். நோயைக் குற்றமாக்கும் பாடத்தை அவன் அங்கேதான் கற்கிறான். கருத்துகளோடு ஒரு வரி சேருங்கள்: பிறவியிலேயே வரும் நோயும் உண்டு, அதற்கு எவரும் குற்றவாளி அல்லர்.

மாணவச் செல்வங்களே! மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கும் தோழனை எள்ளாதீர். காரணம் கேட்டுத் துளைக்காதீர். அவன் பையைச் சுமந்து உடன் ஏறுங்கள்.

நோய் தண்டனையன்று. மருத்துவம் அவநம்பிக்கையன்று. இவ்வுண்மையைச் சபைகளில் உரக்கச் சொல்லும் கடமை போதகர்க்கு உண்டு. வகுப்பறையில் சொல்லும் கடமை நமக்கு உண்டு. துன்புற்ற பெற்றோரிடம் சென்று உரைக்கத் தக்க சொல் எதுவும் தோன்றாவிடில், ஒரு வேளை உணவைக் கொண்டுசென்று கொடுத்துவிட்டு, அமைதியாக அருகில் அமர்வோம். யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்த நற்செயல் அது ஒன்றே.