கப்பலைப் பார்த்து மயங்காதீர்கள்... கரையைப் பாருங்கள்!

வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கத்து ஜனங்களுக்குக் கப்பல் ஒன்றும் அதிசயமில்லை. வள்ளூர் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி வந்து இறங்குவதே எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில்தான். காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் கப்பல்கள் வந்து போகின்றன. ஆனால் இதெல்லாம் சரக்கு ஏறும் கப்பல்கள். மனுஷன் ஏறும் கப்பலுக்கு நாம் சென்னைத் துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும்.

அந்த ஆசையும் இப்போது நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்துவிட்டது. வரட்டும், நல்லதுதான்! வருஷம் முழுக்க ஷிப்டு, சமையல், டியூஷன் என்று ஓடுகிற குடும்பத்துக்கு நாலு நாள் கடல் காற்று மருந்து மாதிரி. என் கவலை வேறு. எந்தப் பயணம் என்று தேர்ந்தெடுக்கிறோமே, அந்த முறைதான் தலைகீழாக இருக்கிறது.

விளம்பரத்தில் முதலில் என்ன தெரிகிறது? கப்பல். நீச்சல் குளம், நாடக மேடை, பஃபே சாப்பாடு. அடுத்ததாகப் பாதை. கடைசியில், பொடி எழுத்தில், எந்தெந்தத் துறைமுகம் என்ற விவரம். நாமும் அதே வரிசையில் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறோம். நான் சொல்வது இதற்கு நேர்மாறு. முதலில் துறைமுகம், அப்புறம் பாதை, கடைசியில் கப்பல். இந்த மூன்றையும் உங்கள் வீட்டில் உடம்பு சுமாராக உள்ளவர் யாரோ, அவரை மனதில் வைத்துப் பாருங்கள்.

துறைமுகத்துக்கு ஏன் முதலிடம்? 2022 ஜூன் 4-ம் தேதி சென்னையிலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பலை முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். இரண்டு நாள் ஆழ்கடல் வரை போய்த் திரும்புவது ஒரு திட்டம். விசாகப்பட்டினம், புதுச்சேரி போய் வருவது இன்னொன்று. நடந்தது என்ன? கப்பலில் சூதாட்டம் உண்டு என்று புதுச்சேரியில் எதிர்ப்புக் கிளம்பியது, அனுமதி கிடைக்கவில்லை. அந்தப் பயணத்தில் போனவர்கள் கடலில் இருந்தபடியே ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

ஆகவே, “துறைமுகம் ரத்தானால் பணம் திரும்ப வருமா?” என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள், பாதையை மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்று நிபந்தனையில் எழுதியே வைத்திருக்கின்றன. ஊரைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால் இந்த ஒரு கேள்வி முக்கியம்.

அடுத்து, இறங்கின ஊரில் உங்கள் வீட்டுப் பெரியவர்களால் நடக்க முடியுமா? விசாகப்பட்டினத்தில் ‘குர்சுரா’ நீர்மூழ்கிக் கப்பலைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். உள்ளே வழி குறுகல், குனிந்து போக வேண்டும். முழங்கால் வலிக்காரர் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். 2023 ஜூனில் இதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். அம்பாந்தோட்டையிலிருந்து கதிர்காமம் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேனில் உட்கார வேண்டும். திருகோணமலையில் கோணேசர் கோயில் பாறை மேட்டில் இருக்கிறது. காங்கேசன்துறைக்குக் கீரிமலை பக்கம்தான். ஆக, மூட்டு வலி உள்ள அம்மாவுக்கு மூன்று துறைமுகமும் ஒன்றல்ல!

கப்பல் நடுக்கடலில் நின்று, படகு மாற்றிக் கரைக்கு வரும் துறைமுகங்களும் உண்டு. அலையில் ஆடும் படகுக்குள் காலெடுத்து வைப்பது எழுபது வயதுக்காரருக்குச் சின்ன வேலையா? “கப்பல் நேராகக் கரையில் நிற்குமா, படகில் போக வேண்டுமா?” என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பாதை. பாதை என்றால் வரைபடத்தில் போட்ட கோடு மட்டுமில்லை, அது எந்த மாசம் என்பதும்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடல் புயல் காலம். 2016 டிசம்பரில் வர்தாவும், 2023 டிசம்பரில் மிக்ஜாமும் நம் பக்கத்தைப் படுத்திய பாட்டை மறக்க முடியுமா? ஜூன், ஜூலையில் திருகோணமலைப் பக்கம் கடல் அமைதி. அதே சமயம் தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் காற்றும் அலையும் பலம். ஒரே பயணத்தில் இரண்டு விதமான கடல்!

வயிற்றைப் புரட்டுவது எதனால்? உடம்பு ஆடுகிறது என்று உள்காது சொல்கிறது. எதிரே உள்ள சுவர் ஆடவில்லையே என்று கண் சொல்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டல். அவோமின் போன்ற மாத்திரை கிளம்புவதற்கு முன்பே போட்டால்தான் பலன். வாந்தி வந்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும்! தூக்கம் வரும். கண் நீர் அழுத்தம், பிராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கடைசியாகக் கப்பல். ‘எம்பிரஸ்’ 1990-ல் கட்டப்பட்டது, அளவில் ஏறத்தாழ டைட்டானிக் மாதிரி. இன்று உலகில் இதைப் போல ஐந்து மடங்கு பெரிய கப்பல்களும் ஓடுகின்றன. பெரிய கப்பல் குறைவாக ஆடும், நிஜம்தான். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க அடியில் துடுப்பு மாதிரி அமைப்பும் உண்டு. முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அது தடுக்காது. அதனால் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை கேளுங்கள். ஜன்னல் இருந்தால் தொடுவானம் தெரியும், தலைசுற்றல் குறையும். உயரமான தளத்து பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுத்துக் கூடுதலாக ஆடுவானேன்?

பெரிய கப்பலென்றால் கூட்டமும் பெரிசு. 2020-ல் ஜப்பானில் நிறுத்தி வைக்கப்பட்ட ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் இருந்தவர்கள் 3,711 பேர், கொரோனா தொற்றியது 712 பேருக்கு. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோ வைரசும் கப்பல்களில் அடிக்கடி வரும் விருந்தாளி. சானிடைசர் அதற்குப் போதாது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள், முக்கியமாக பஃபே கரண்டியைப் பிடித்த பிறகு, சாப்பிட உட்காரும் முன்.

கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால் கப்பலின் மருத்துவ அறை கரையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி ஆகாது. நெஞ்சு வலி வந்தால் முதலுதவி கிடைக்கும். ரத்தக் குழாய் அடைப்பை நீக்கக் கரைக்குத்தான் வர வேண்டும். சமீபத்தில் ஹார்ட் அட்டாக் வந்தவர், வாரா வாரம் டயாலிசிஸ் செய்பவர் கிளம்பும் முன் தங்கள் டாக்டரிடம் பாதையையே காட்டிக் கேட்க வேண்டும். 24 வாரத்தைத் தாண்டிய கர்ப்பிணிகளைப் பல நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை. கப்பல் சிகிச்சைக்குக் கட்டணம் தனி. அவசரமாகக் கரை சேர்ப்பதற்கும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். இன்சுலினும் மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரமாகலாம்.

“இவ்வளவு யோசித்தால் எங்கேதான் போவது?” என்கிறீர்களா? போகலாம், தாராளமாக. முதல் தடவை என்றால் இரண்டு இரவுப் பயணமாகத் தேர்ந்தெடுங்கள். கடல் உடம்புக்கு ஒத்து வருகிறதா என்று தெரிந்துவிடும், ஒத்துவராவிட்டாலும் மூன்றாம் நாள் வீட்டில் இருப்பீர்கள். ஒத்து வந்தால் அடுத்த வருஷம் விசாகப்பட்டினமோ, இலங்கையோ, சிங்கப்பூர் போய் அங்கிருந்து பினாங்கோ!

மகனும் மருமகளும் மட்டும் போகிறார்களா? நீச்சல் குளத்தைப் பார்த்தே கப்பலைத் தேர்ந்தெடுக்கட்டும், தப்பில்லை. பெற்றவர்களையும் கூட்டிப் போகிறீர்களா? புக்கிங் செய்யும் முன் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து துறைமுகங்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுங்கள். எந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் முகம் மலர்கிறதோ, அந்த ஊருக்குப் போகும் கப்பல்தான் உங்களுக்குச் சிறந்த கப்பல்.