கண்ணை மூடச் சொல்லாதீர்கள்

1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில், நெய்யாற்றில் மூழ்கி எடுத்த கல்லை அருவிப்புரத்தில் சிவனாக நிறுவினார் நாராயண குரு. அதற்கு முன் அவர் தவமிருந்த மருத்துவாமலைக் குகை குமரி மாவட்டத்தில் இருக்கிறது. தமிழக-கேரள எல்லையை ஒட்டிய நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வட்டாரத்தில் தியானம் என்பதை யாருக்கும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணிடம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வதும் அதுவாகவே இருக்கிறது: "கண்ண மூடி சாமிய நினை மக்களே, எல்லாம் மறந்துபோகும்."

பாசத்தில் சொல்வதுதான். ஆனால், கண்ணை மூடியதும் அந்த அறையும் அந்தக் கைகளும் வந்து நிற்கும் என்றால் அவள் என்ன செய்வாள்? மூச்சைக் கவனி என்கிறோம். அன்று திணறியது அந்த மூச்சுதான். பழகாத கையில் தியானமே காயத்தைக் கீறிவிடும்.

அதற்காகத் தியானத்தை ஒதுக்கிவிட முடியாது. மருந்துக்கும் பேச்சு சிகிச்சைக்கும் எளிதில் வசப்படாத மனக்காயத்தோடு இருந்த 64 பெண்களிடம், அமெரிக்க மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோக் குழுவினர் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. பத்து வாரம் யோகா செய்தவர்களில் 52 விழுக்காட்டினர், நோய் என்று வரையறுக்கும் நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். உடல்நலக் கல்வி மட்டும் பெற்ற குழுவில் அது 21 விழுக்காடு. சிறிய ஆய்வுதான். அந்த வகுப்பு நடந்த விதத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். 'செய்' என்ற கட்டளை அங்கே கிடையாது, 'விரும்பினால்' என்ற சொல்தான். தன் உடம்பு தன் சொல் கேட்கும் என்பதை அவள் மெல்ல மெல்லத் திரும்பக் கற்கிறாள்.

வீட்டுத் திண்ணையிலேயே இதைத் தொடங்கலாம். கண் திறந்தே இருக்கட்டும். பாதம் இரண்டும் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியில் பதியட்டும். கையில் தண்ணீர்ச் செம்பு, அதன் ஈரம். ரப்பர்த் தோட்டத்துக் காற்று, தூரத்தில் பஸ் ஹாரன். அரை நிமிடம் போதும். நெஞ்சு படபடத்தால் உடனே எழுந்து நடக்கலாம்.

ஆனால், எதையும் அவளுடைய மொழியில் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1இல், களியக்காவிளை அடங்கிய விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம் என்று வாழ்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரேஷன் கடைக்குப் போதுமான மலையாளம், உள்ளே புழுங்குவதைச் சொல்லப் போதாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். இந்த எண் இந்த ஊர்களின் சுவர்களில் எழுதப்பட வேண்டும்.

தியானத்தைக் காட்டி வழக்கை மூடப் பார்ப்பவர்களும் உண்டு. "மன்னித்துவிடு, மனசு லேசாகும்" என்பார்கள். சம்பவம் களியக்காவிளையில், வீடு பாறசாலையில் என்று காவல் நிலையங்கள் அலைக்கழிக்கவும் இனி வழியில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். தனியார் மருத்துவமனையும் உடனடியாக இலவச சிகிச்சை தர வேண்டும். இவை நடக்கும்போதே, மனநல ஆலோசகரின் துணையோடு தியானமும் நடக்கட்டும்.

ஊர்களில் வேலை செய்யும் ஆஷா சுகாதாரப் பணியாளர்களுக்கும் கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களுக்கும் இப்படித் துணை நிற்பதில் பயிற்சி தர வேண்டும் என்பதே என் கோரிக்கை. பயிற்சியின் முதல் பாடம், அவள் வந்ததும் கதவைச் சாத்தாமல், "எங்க இருக்கணும்னு நீயே சொல்லு மக்களே" என்று கேட்பது.