அந்த உருண்டை என்ன பிளாஸ்டிக் எண்டு யார் சொல்றது?

2021 மே மாசம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சது ஞாபகம் இருக்கும். அதில இருந்தது சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் உருண்டைகள். மேற்குக் கரையில எரிஞ்சதும் எரியாததுமாக் கலந்து ஒதுங்கின. வெள்ளவத்தையில தண்டவாளத்தைத் தாண்டி மணலில இறங்கி நிக்கிற ஒருவர் கையில ஒரு துண்டு அகப்பட்டா, அது என்ன எண்டு எப்படிச் சொல்றது?

கண்ணால ஏலாது. அதன்மேல அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்ச வேணும். பொலித்தீன் எண்டால் 2900 அலையெண்ணுக்குப் பக்கத்தில ஆழமா உறிஞ்சும். இந்தக் கோட்டுப்படத்தைத்தான் நிறமாலை எண்டு சொல்றம். அதில இரைச்சலைக் குறைச்சு, அடிக்கோட்டைத் திருத்தி, தெரிஞ்ச மாதிரிகளோட ஒப்பிட்டுப் பெயர் சொல்றது மென்பொருளின் வேலை.

எனக்குப் பிரச்சினை இங்கதான். கருவியோட வாற மூடிய மென்பொருள் "பொலித்தீன், 90 வீதம்" எண்டு சொல்லும். எதோட ஒப்பிட்டது, எதைத் திருத்தினது எண்டு முழுசாத் திறந்து பார்க்க ஏலாது. லைசன்ஸ் உள்ள ஒரு கம்பியூட்டருக்கு முன்னால வரிசையில நிக்கிறதுதான் மிச்சம்.

அதே 2021இல வெளியான 'ஓப்பன் ஸ்பெசி' வேற மாதிரி. நுண்பிளாஸ்டிக்கை இனங்காண எண்டே செய்தது. காசில்லை, கோடும் திறந்திருக்கு. கோடிங் தெரியாதவருக்கு ஸ்லோவேனியாவில உருவான 'ஒரேஞ்ச்' இருக்கு. பெட்டிகளை இழுத்து இணைச்சாப் போதும். பைத்தன் தெரிஞ்சா 'சைக்கிட்-லேர்ன்' மூலம் நாங்களே வகைப்படுத்தலாம்.

"கருவியே கோடிக்கணக்கில, மென்பொருள் இலவசமா இருந்து என்ன?" எண்டு கேப்பீங்கள். நியாயம்தான். ஆனா ஒருக்கா எடுத்த நிறமாலையை ஆயிரம் பேர் திரும்பப் பரிசோதிக்கலாம். இன்னொண்டு: எரிஞ்ச பிளாஸ்டிக் ஒட்சியேறும், 1715க்குப் பக்கத்தில புதுசா ஒரு உச்சி முளைக்கும். சுத்தமான மாதிரிகள் மட்டும் உள்ள நூலகம் அதில தடுமாறும். எங்கட கரையில பொறுக்கின எரிஞ்ச துண்டுகளின் நிறமாலைகளை நாங்கள்தான் சேர்க்க வேணும். மூடிய நூலகத்தில அதுக்கு இடமில்லை.

நிறமாலை பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும். கப்பலின் பெயரைச் சொல்லாது. ஆனா நட்டஈட்டு வழக்குகளில இப்படியான சின்னச் சான்றுகள்தான் ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கப்படும். 2025 ஜூலையில எங்கட உச்ச நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு செலுத்தச் சொன்னது. அவ்வளவு பெரிய கணக்கில, எதிர்த்தரப்பும் திறந்து பார்த்து மறுக்க முடியாத சான்றுதான் நிக்கும்.

கம்பஸில இறுதி வருட ஆய்வு செய்யிறவையிட்ட ஒண்டு கேக்கிறன். அறிக்கையோட உங்கட மூல நிறமாலைக் கோப்பையும் வெளியிடுங்கோ. அடுத்த கப்பல் எரியும்போது தேடிக்கொண்டு திரிய வேண்டி வராது.