அணை திறக்க விழா உண்டு. குளம் காக்க ஆள் எங்கே?

கோடையில் ஓர் அறிவிப்பு. வெள்ளம் வந்தால் இன்னோர் அறிவிப்பு. இரண்டுக்கும் நடுவே நாஞ்சில் நாட்டுக் குளங்கள் தூர்ந்துகொண்டே போகின்றன.

கோதையாற்றில் 1906 இல் பேச்சிப்பாறை அணை எழுந்தது. பிறகு பெருஞ்சாணியும் சிற்றாறு அணைகளும் வந்தன. 79,000 ஏக்கர் பாசனம் இந்த ஏற்பாட்டை நம்பி நிற்கிறது. அணை திறக்கும்போது மலர் தூவ ஆட்கள் நிறைய உண்டு. அந்தத் தண்ணீர் கடைவரம்பு வயலை எட்டிற்றா என்று நடந்து பார்க்க ஆள் வேண்டாமா?

மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதில் தொடங்கி, ஓடை, கால்வாய், குளம், மடை வரை எல்லாம் ஒரே சங்கிலி. மேலே மண் கரைந்தால் கீழே குளம் மேடாகும். குளம் மேடானால் கும்பப்பூ கருகும். 2021 நவம்பர் பெருமழையில் கரைகள் உடைந்து வயல்கள் மூழ்கினவே, மறந்துவிட்டோமா? கரையின் கசிவை முதலில் காண்பவன் லஸ்கர். அன்றே ஒரு கூடை மண்ணில் தீரும் வேலை, ஆளில்லாவிட்டால் லட்ச ரூபாய் உடைப்பாக வளர்கிறது. சிக்கனம் என்பது இதுதானா?

பணத்தின் கதையையும் பார்ப்போம். மத்திய சர்க்காரின் நீர்வடிப்பகுதித் திட்டத்தில், 2008 நெறிமுறைப்படி சமவெளியில் ஹெக்டேருக்கு ரூ.12,000. அதில் மத்தியப் பங்கு 90 சதம். மாநிலம் தந்தது ரூ.1,200. 2015 இல் அந்தப் பங்கு 60 சதமாயிற்று. 2021 இல் தொகையை ரூ.22,000 ஆக்கினார்கள், மாநிலத்தின் சுமை ரூ.8,800 ஆயிற்று. ஏழு மடங்குக்கு மேல்! கிராம வேலைத் திட்டத்திலும் அதே கதை. 2005 சட்டப்படி உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய சர்க்காரின் பொறுப்பு. 2025 டிசம்பர் சட்டம் நாட்களை 100 இலிருந்து 125 ஆக்கியது. செலவில் 40 சதத்தை மாநிலத்தின் தலையில் வைத்தது. கொடுப்பதாகச் சொன்ன கையே பறிக்கிறது.

திட்டத்துக்கு ஆயுள் மூன்று முதல் ஐந்தாண்டு. அதில் சேரும் ஊழியன் மண்ணையும் ஓடையையும் அறிந்து தேறும்போது திட்டம் முடிந்துவிடும். அவனும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆண்டுதோறும் பெய்யும் மழைக்குத் தவணை ஊழியனா?

நமது கோரிக்கைகள் தெளிவானவை. லஸ்கர் ஓய்வு பெறும் நாளிலேயே அந்த இடத்தில் ஆள் நியமிக்கப்பட வேண்டும். திட்ட ஊழியருக்கு நிரந்தர வேலையும் நியாயச் சம்பளமும் வேண்டும். மராமத்துக்கென ஆண்டுதோறும் தனி நிதி வேண்டும். மத்தியப் பங்கு மீண்டும் 90 சதமாக வேண்டும். மாநில சர்க்காரும் தன் பங்கைத் தாமதமின்றித் தரவேண்டும். டில்லியைக் கைகாட்டித் தப்பிவிட முடியாது.

தோழர்களே! நவம்பர் 1, 1956 இல் குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள். கிராம சபை கூடும் நாளும்கூட. அதற்குமுன் ஊர்க் குளத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். உடைந்த மடை எத்தனை, அடைபட்ட கால் எத்தனை, காவலுக்கு ஆள் எத்தனை என்று எழுதுங்கள். அந்தக் கணக்கைச் சபையில் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். விவசாயியும் கூலித் தொழிலாளியும் பாசன ஊழியரும் ஒன்றாய் நின்று கேட்டால், எந்த சர்க்காரும் செவிடாய் இருக்க முடியாது!