பையன் பாவம்தான், பில்லை யார் கட்டுவது?

மருத்துவக் காப்பீடு விற்க வருபவர்களுக்கு வக்காலத்து வாங்கிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. வெயிலில் பைக் ஓட்டி வரும் பையன், தலைக்கு மேல் தொங்கும் டார்கெட், மாதக் கடைசியில் மேனேஜரிடம் வாங்கும் வசவு, இதற்கிடையில் அவரை சோபாவில் உட்கார வைத்து வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்யும் நடுத்தர வர்க்கத்து மாமாக்கள் என்று கட்டுரையாளர் உருகி உருகி எழுதியிருந்தார். உருக்கத்தை வடிகட்டினால் மிஞ்சும் வாதம் சின்னது. விற்க வருகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லையாம். அறிமுகம் செய்துவைப்பதோடு அவர் வேலை முடிந்ததாம். நுணுக்கமெல்லாம் பாலிசியில் அச்சாகியிருக்கிறது, வேண்டியவர் படித்துக்கொள்ளலாமாம். ஆள் நல்ல மாதிரி, கூப்பிட்டால் ஓடி வருவார் என்றால் அதுவே போதுமாம்.

இதமான எழுத்து. வயதான அப்பா அம்மாவையும் சேர்த்து ஒரு குடும்பம் வருஷத்துக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று கட்டப்போகிற விஷயம் இது என்பதை மறந்துவிட்டால் ரசிக்கவும் செய்யலாம்.

முதலில் அந்த அறிமுகக் கதை. காப்பீட்டுத் துறையை மேற்பார்வையிடும் ஐஆர்டிஏஐ, ஏஜென்ட்டுகளுக்கென்று 2016இல் நடத்தை விதிகள் வகுத்திருக்கிறது. வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறிந்து அதற்கேற்ற பாலிசியைச் சொல்ல வேண்டும். விண்ணப்பப் படிவம் என்னென்ன தகவல் கேட்கிறது, அதை மறைக்காமல் சொல்வது ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டும். முக்கியமான எதையும் விட்டுவிடும்படி வாடிக்கையாளரைத் தூண்டக் கூடாது. கேட்டால் தன் கமிஷன் எவ்வளவு என்றுகூடச் சொல்ல வேண்டும். ஏஜென்ட்டுக்குப் பயிற்சியும் தேர்வும் வைத்திருப்பது இதற்காகத்தான். தேர்வில் தேறி வந்தவர் தன் கைச்சரக்கைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறார் என்றால், அதைக் கள்ளங்கபடமற்ற எளிமை என்று பாராட்ட ஒரு தனி மனது வேண்டும். தி. நகரில் பட்டுப்புடவை எடுத்துப் போடுகிறவரிடம் ஜரிகை அசலா என்று கேட்டுப்பாருங்கள். முந்தானையைத் திருப்பிக் காட்டி ஒரு பாடமே நடத்துவார். அவர் விற்பது பத்தாயிரம் ரூபாய்ச் சேலை. பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது, எல்லாம்தான் அச்சாகியிருக்கிறதே என்கிற வாதம். அச்சாகித்தான் இருக்கிறது, பொடி எழுத்து ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக. நமக்கென்று அச்சான பாலிசி கைக்கு வருவது பணம் கட்டிய பிறகு. கட்டுரையாளர் சொல்கிறபடி படித்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கென்றே ஒரு தாள் உண்டு. வாடிக்கையாளர் தகவல் தாள் என்று பெயர். 2024 ஜனவரி முதல் புதிய வடிவில், எது கிடைக்கும், எது கிடைக்காது, எதற்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், புகார் எங்கே சொல்வது என்பதையெல்லாம் எளிய மொழியில் சுருக்கித் தர வேண்டும். கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். தமிழில் அந்தத் தாளைக் கேட்டு வாங்கலாம் என்று எந்த விற்பனையாளராவது உங்களிடம் சொன்னதுண்டா? அவருக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த தம்பியைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மரியாதையான பிள்ளை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, டேப்லெட்டைத் திறந்தார். பெயர், பிறந்த தேதி, உயரம், எடை எல்லாம் கேட்டார். அதற்கடுத்த பக்கத்தில்தான் உடல்நலக் கேள்விகள். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, அறுவை சிகிச்சை நடந்ததுண்டா, தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாக இருந்த கட்டங்களில் அவர் விரல் கடகடவென்று ‘இல்லை’, ‘இல்லை’ என்று இறங்கிக்கொண்டே போனது. ஒரு கேள்விகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. என் மனைவி எட்டிப் பார்த்து, “அத்தைக்கு பிரஷர் மாத்திரை இருக்கே தம்பி” என்றாள். “அதெல்லாம் போட்டா மெடிக்கல் டெஸ்ட் வரும் மேடம், பிரீமியமும் ஏறும். மூணு வருஷம் போனா எப்படியும் எல்லாம் கவர் ஆயிடும்” என்றார். ரூம் வாடகைக்கு உச்சவரம்பு உண்டா என்று நான் கேட்டதற்கு, எந்த ரூமில் வேண்டுமானாலும் படுக்கலாம் என்றார். அவரே கொடுத்த நோட்டீஸில், தனி ஏசி அறை வரை மட்டும் என்று எழுதியிருந்தது. பிரீமியக் கணக்குத் தாளில் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரியே கிடையாது. சந்தேகம் கேட்கக் கேட்க மேனேஜருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மேனேஜரும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: “ஒண்ணும் பிரச்சினை வராது சார், நான் இருக்கேன்.” உடனே தம்பி, “ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்” என்றார்.

இந்த ஓடிபிதான் கையெழுத்து. மேலே சொன்னவை அனைத்தும் உண்மை என்று நான் உறுதியளிக்கிறேன் என்பதற்கான கையெழுத்து. விரல் அவருடையது, உறுதிமொழி நம்முடையது.

மூன்று வருஷக் கணக்கு அரைகுறையாகக் காதில் விழுந்த ஒன்று. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 48 மாதம் என்றிருந்ததை 2024இல் 36 மாதமாகக் குறைத்தார்கள். அது படிவத்தில் சொல்லி, நிறுவனம் ஏற்றுக்கொண்ட நோய்க்கு. சொல்லாமல் விட்ட பிரஷர் மூன்றாண்டு கழிந்ததும் சொன்ன பிரஷர் ஆகிவிடாது. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தால், டாக்டர் முதலில் எழுதுகிற குறிப்பிலேயே எத்தனை வருஷமாக பிரஷர் என்று இருக்கும். நிறுவனம் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். கிளைம் போவதோடு பாலிசியே ரத்தாகலாம். தொடர்ந்து 60 மாதம் கட்டியிருந்தால் பழைய விண்ணப்பத்தைக் கிளறக் கூடாது என்று இன்னொரு பாதுகாப்பு உண்டு. நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அதுவும் பொருந்தாது.

அப்போது, ஏஜென்ட்தான் நிரப்பினார், நான் படிக்கவே இல்லை என்று முறையிட்டால்? 2019இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. படிவத்தில் கையெழுத்திட்டவர், அதில் என்ன இருந்தது என்று தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2009இல் ஒரு மருத்துவக் காப்பீட்டு வழக்கிலும், சர்க்கரை நோயையும் சிறுநீரகக் கோளாறையும் சொல்லாமல் விட்டதால் கிளைமை மறுத்தது சரி என்றே அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டுரையாளர் பரிதாபப்படும் பையனின் பெயர் இப்படிப்பட்ட தீர்ப்புகளில் தோற்றவர் இடத்தில் வருவதில்லை. கேள்வி கேட்காமல் மோர் கொடுத்து அனுப்பியவரின் குடும்பம்தான் அங்கே நிற்கிறது.

ரூம் வாடகை சமாச்சாரத்தைக் கட்டுரையாளர் ‘சில்லறை நுணுக்கம்’ என்று ஒதுக்கியிருந்தார். சில்லறை எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 5 லட்ச ரூபாய் பாலிசி, அறை வாடகை நாளுக்கு 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் வரை என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் அறையில் 4 நாள் இருந்தாயிற்று. வாடகை 40,000, சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாமாக 2 லட்சம், மருந்து, உள்ளே பொருத்திய கருவி, பரிசோதனைகள் 1,20,000. மொத்தம் 3,60,000. பாலிசித் தொகைக்குள்தானே இருக்கிறது, வாடகை வித்தியாசம் 20,000 மட்டும் கையிலிருந்து போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் தகுதிக்கு மேற்பட்ட அறையில் இருந்ததால் டாக்டர் கட்டணம் உள்ளிட்ட அந்த 2 லட்சத்தையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். பாதி அறைக்குப் பாதி. அங்கே ஒரு லட்சம். மருந்து, கருவி, பரிசோதனைகளில் இப்படி வெட்டக் கூடாது என்று 2020இலேயே விதி வந்துவிட்டதால் 1,20,000 முழுதாகத் தப்பியது. ஆக நிறுவனம் தருவது 2,40,000. குடும்பம் டிஸ்சார்ஜ் கவுண்டரில் கட்ட வேண்டியது 1,20,000. அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறுகிற எந்த மருத்துவமனையிலும் இந்தக் கணக்கு நடக்கும். ‘எந்த ரூமில் வேண்டுமானாலும் படுக்கலாம்’ என்ற அந்த ஒற்றை வாக்கியத்தின் விலை இது. கட்டுரையாளர் ஊரில் சில்லறை இந்த அளவில் புழங்குகிறது போலும்.

நல்ல பையன், கூப்பிட்டால் வருவான் என்பதற்கு வருவோம். வரட்டும். கிளைமைத் தீர்மானிப்பது அவரா? நிறுவனத்தின் கிளைம் பிரிவு தீர்மானிக்கிறது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரத்திலும் அவர்கள் பதில் தர வேண்டும் என்று 2024இல் ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. அந்த மேசையில் இருப்பவர் கையில் பாலிசி இருக்கும், விண்ணப்பப் படிவம் இருக்கும், ஆஸ்பத்திரிக் குறிப்பு இருக்கும். தம்பியின் நல்ல குணத்துக்கு அங்கே கட்டம் கிடையாது. தவிர, இந்தத் தொழிலில் ஆள் மாறுகிற வேகம் ஊரறிந்தது. நமக்குக் கிளைம் வருகிற வருஷத்தில் தம்பி வேறு கம்பெனியில் கார் லோன் விற்றுக்கொண்டிருப்பார். ‘நான் இருக்கேன்’ என்ற மேனேஜர் இருப்பாரா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

போகிற போக்கில் கட்டுரையாளர் ஒரு யோசனையும் தந்திருந்தார்: கேள்வி கேட்டுப் பையனைப் படுத்துவதற்குப் பதில், கமிஷனில் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொண்டு சுமுகமாக முடியுங்கள் என்று. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 41ஆம் பிரிவு அப்படிக் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. பையன்மீது எவ்வளவு கரிசனம் பாருங்கள்.

அவர் நிலைமை கஷ்டம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கஷ்டத்தை உண்டாக்கியது யார்? ஒரு வாரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதைச் சொல்லிக்கொடுக்காமல், பழைய வரிக் கணக்குத் தாளோடு தெருவில் இறக்கிவிட்டது அவருடைய நிறுவனம். கமிஷனுக்குத் தனி உச்சவரம்பு 2023இலேயே போய்விட்டது. மொத்த நிர்வாகச் செலவு வரம்புக்குள் நிறுவனங்கள் தாராளமாகத் தரலாம். விற்பதற்குக் காசு இருக்கிறது, விற்பவருக்குக் கற்றுக்கொடுக்க இல்லை. நாம் இரக்கப்பட்டுக் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு தடவையும், கற்றுக்கொடுக்காமலே விற்பனை ஆகிறது என்று அந்த நிறுவனத்துக்கு நாமே சான்றிதழ் தருகிறோம். அடுத்த மாதம் அதே தம்பிக்கு டார்கெட் இன்னும் கூடும்.

இதே தொழிலில் விஷயம் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேசத் தொடங்குமுன் கேட்கிறார்கள்: யாருக்கு என்ன மாத்திரை, வழக்கமாக எந்த ஆஸ்பத்திரி, பழைய பாலிசி ஏதாவது இருக்கிறதா என்று. இருந்தால், அதை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்காதீர்கள், வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால், அதாவது போர்ட் செய்தால், பழைய தொகை அளவுக்கு ஏற்கெனவே காத்திருந்த காலம் கணக்கில் வரும் என்கிறார்கள். தெரியாததைக் கேட்டால், கேட்டுச் சொல்கிறேன் என்று போய் எழுத்தில் பதில் கொண்டுவருகிறார்கள். விற்பவருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை என்ற கட்டுரை முதலில் அவமதிப்பது இவர்களைத்தான்.

விஷயம் தெரியாமல் வருகிறவரைத் திட்டவும் வேண்டாம், நக்கல் செய்யவும் வேண்டாம். அவருக்கு அவகாசம் கொடுங்கள். நாலு கேள்வியை எழுதிக் கொடுத்து, கம்பெனி மெயிலிலிருந்து பதில் வரட்டும் தம்பி, அப்புறம் பேசலாம் என்று அனுப்புங்கள். அதுவரை ஓடிபியைச் சொல்லாதீர்கள். நான் அப்படித்தான் அனுப்பினேன். பதில் வரவில்லை, பாலிசியை வேறிடத்தில் எடுத்தோம். அம்மாவின் பிரஷரைப் படிவத்தில் எழுதினோம், மெடிக்கல் டெஸ்ட் வந்தது, பிரீமியம் ஏறத்தான் செய்தது.

சென்ற இதழைப் படித்து மனமிளகி, ஒன்றும் கேட்காமல் பணம் கட்டிவிட்ட வாசகர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளைக்குள், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. முத்திரைக் கட்டணம், பரிசோதனைச் செலவு, கழிந்த நாட்களுக்கான தொகை போக மீதி திரும்ப வரும். அதற்கு முன், பாலிசியோடு வந்திருக்கும் விண்ணப்பப் படிவ நகலை எடுத்து உடல்நலக் கேள்விகள் உள்ள பக்கத்தைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று இருந்தால் இன்றைக்கே நிறுவனத்துக்கு எழுதித் திருத்துங்கள்.